பில்லட் காஸ்டரில் மின்காந்தக் கிளறல்: ஆம்பியரில் கை வைக்கும் முன்

உருகிய எஃகைத் தொடர்ந்து வார்க்கும் காஸ்டரிலிருந்து வரும் சதுரக் கட்டையான பில்லட்டைக் குறுக்கே வெட்டி அமிலத்தில் வைத்துப் பார்த்தால் நட்டநடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. அதே ஹீட்டிலிருந்து (ஒரே தடவையில் உருக்கிய எஃகிலிருந்து) போன கம்பி, கம்பி இழுக்கும் ஆலையில் ஒரு முனை கிண்ணமாகவும் மறு முனை கூம்பாகவும் அறுந்தது என்று புகார். காஸ்டர் கன்ட்ரோல் ரூமில் உடனே கேட்கும் பேச்சு, எஃகைக் காந்தப்புலத்தால் கிளறும் ஸ்டிர்ரரைப் பற்றித்தான்: "ஸ்டிர்ரர்ல இன்னும் ஐம்பது ஆம்பியர் ஏத்துங்க." இந்தப் பழக்கம் போக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பேனலில் தெரியும் ஆம்பியர் ஸ்டிர்ரரின் கம்பிச்சுருளான காயிலில் ஓடும் மின்னோட்டம், அவ்வளவுதான். எஃகு முதலில் உறையத் தொடங்கும் செம்பு அச்சான மோல்டுக்குள் எஃகு எவ்வளவு சுழல்கிறது என்பது அதில் தெரியாது. அதற்குக் காந்தப்புலத்தை நேரில் அளக்க வேண்டும், பில்லட்டை வெட்டிப் பார்க்க வேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்த பிறகுதான் எண்ணை மாற்ற வேண்டும்.

பேச்சு தெளிவாக இருக்க ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். 150 மி.மீ. சதுர பில்லட், வளைவு காஸ்டர், நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகம், 0.75 சதவீதம் கார்பன் உள்ள எஃகு, மோல்டில் எஃகை ஊற்றும் குழாயான மூழ்கிய நாசில், எஃகின் மேல் தூவும் மசகான மோல்டு பவுடர். மோல்டைச் சுற்றி ஒரு ஸ்டிர்ரர், கீழே ஸ்ட்ராண்ட் (மோல்டிலிருந்து தொடர்ந்து இறங்கும் எஃகுக் கட்டை) உறைந்து முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று. கட்டடக் கம்பிக்கான குறைந்த கார்பன் எஃகு மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. அந்த வகைக்கு நடுப்பகுதி கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் ரோலிங்கில் தாங்கிவிடும். ஸ்பிரிங், பேரிங், டயர் கம்பி என்று போனால்தான் இதன் அருமை தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது

மோல்டைச் சுற்றி இருப்பது மூன்று ஃபேஸ் மோட்டாரின் ஸ்டேட்டர்தான். சுழலும் காந்தப்புலத்தை அது உண்டாக்குகிறது, உருகிய எஃகுக்குள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அந்த மின்னோட்டமும் புலமும் சேர்ந்து எஃகைச் சுற்றித் தள்ளுகின்றன. ரோட்டரின் இடத்தில் திரவ எஃகு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரும்புக்குக் காந்தத் தன்மை போய்விடுகிறது, அதனால் ஸ்டிர்ரர் எஃகைக் காந்தம் போல இழுக்கிறது என்று நினைப்பது தவறு. வேலை முழுக்கத் தூண்டப்பட்ட மின்னோட்டத்தால் நடக்கிறது.

விசை எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 500 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) புலம், 4 ஹெர்ட்ஸ், மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கும் எஃகு என்று எடுத்தால், அதன் மேல் விழும் தள்ளு விசை அதன் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விசை நிற்காமல் ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருப்பதால் எஃகு நொடிக்குச் சில பத்து சென்டிமீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது. புலம் நிமிடத்துக்கு 240 சுற்று சுற்றும் (இரண்டு துருவ ஸ்டேட்டர், 4 ஹெர்ட்ஸ்), எஃகு அதைவிட வெகுவாகப் பின்தங்கித்தான் சுற்றும்.

இந்தச் சுழற்சியால் என்ன பயன்? சூடான எஃகு, முதலில் உறைந்த வெளி ஓடான ஷெல்லை ஒட்டி ஓடுவதால் அதிகப்படி வெப்பம் மோல்டிலேயே வெளியேறுகிறது. ஷெல்லிலிருந்து உள்நோக்கி வளரும் ஊசி ஊசியான படிகங்களின் நுனிகள் உடைந்து, உருகாமல் தப்பித்து, நடுவே புதிய படிகங்களுக்கு விதையாகின்றன. அதனால் நீளப் படிகங்கள் நாலு பக்கமிருந்தும் நடுவே வந்து முட்டி, கார்பன் மிகுந்த கடைசித் திரவத்தை ஒரே புள்ளியில் சிறைப்பிடிப்பதற்குப் பதிலாக, நடுப்பகுதி முழுவதும் பொடிப் படிகங்களாக உறைகிறது. கறுப்புப் பொட்டு குறைவதன் காரணம் இதுதான்.

முதலில் சூப்பர்ஹீட்

இதைச் சரிசெய்யாமல் ஸ்டிர்ரரைத் தொடாதீர்கள். மேலே சொன்ன 0.75 கார்பன் எஃகின் திரவநிலை வெப்பம், அதாவது உறைய ஆரம்பிக்கும் வெப்பம், ஏறக்குறைய 1470 டிகிரி செல்சியஸ். டண்டிஷில் (லேடில் வாளிக்கும் மோல்டுக்கும் நடுவே உள்ள தொட்டி) அதற்கு மேல் 20 முதல் 30 டிகிரி வரை சூப்பர்ஹீட் இருந்தால் ஸ்டிர்ரருக்கு வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது. 45, 50 என்று ஓடினால் உடைந்த படிக நுனிகள் எல்லாம் சூட்டில் உருகிக் காணாமல் போகும். என்ன ஆம்பியர் கொடுத்தாலும் நீளப் படிகங்கள் நடுவரைக்கும் வந்துவிடும். நாசில் அடைத்துவிடுமோ என்ற பயத்தில் லேடிலைச் சூடாக அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு மருந்து டண்டிஷை நன்றாக முன்சூடு பண்ணுவதும் லேடில் சுற்றுக்கு வரும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதும்தான். ஒரு மாதத்தின் ஹீட்களை எடுத்து, சூப்பர்ஹீட் ஒரு பத்தியிலும் மேக்ரோ முடிவு (பில்லட்டை வெட்டி அமிலத்தில் வைத்துப் பார்த்த முடிவு) பக்கத்துப் பத்தியிலுமாக எழுதிப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

உலை நிற்கும் நாளில் செய்ய வேண்டிய சோதனை

தண்ணீரில் ஆரம்பியுங்கள். காயில் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறது அல்லது காயிலின் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. இரண்டில் எதுவானாலும் அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். பில்லட்டைக் குளிர்விக்கும் ஸ்ப்ரேக்குப் போகும் செதில் கலந்த தண்ணீர் எந்த வழியிலும் இதில் கலக்கக் கூடாது, இரும்புத் துகள் காந்தத்தைத் தேடி வந்து காயிலில் ஒட்டிக்கொண்டு இன்சுலேஷனை அரிக்கும். தண்ணீரின் மின்கடத்துத்திறனையும் உள்ளே போகும், வெளியே வரும் வெப்பத்தையும் ஷிஃப்டுக்கு ஒருமுறை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஓட்டம் குறைந்தால் ஸ்டிர்ரர் தானாக நிற்கும் இன்டர்லாக் உண்மையில் வேலை செய்கிறதா என்று வால்வை மூடிப் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்த இன்டர்லாக்கை ஜம்பர் போட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது: காயில் வெந்து, ஜாக்கெட் ஓட்டையாகி, தண்ணீர் உருகிய எஃகின் பக்கம் வந்தால் வெடிப்புதான்.

அடுத்தது இன்சுலேஷனை அளக்கும் மெக்கர். இன்வெர்ட்டரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் போட வேண்டும், இல்லாவிட்டால் இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் சாதனங்கள் போய்விடும். ஒரு நாள் வரும் எண்ணைவிட மாதாமாதம் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம். மூன்று ஃபேஸ் காயில்களின் மின்தடையையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள்.

அப்புறம், சுழல்கிறதா என்ற சோதனை. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு அலுமினிய டம்ளரை நூலில் கட்டி, காலி மோல்டுக்குள் ஸ்டிர்ரரின் நடு உயரத்துக்கு இறக்கி, குறைந்த ஆம்பியரில் ஸ்டிர்ரரைப் போடுங்கள். டம்ளர் சுற்ற ஆரம்பிக்கும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எல்லா ஸ்ட்ராண்டுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேஸ் போயிருந்தால் டம்ளர் சரியாகச் சுற்றாது, நின்ற இடத்திலேயே அதிரும் அல்லது தயங்கித் தயங்கித் திரும்பும். அப்போதும் மற்ற இரண்டு ஃபேஸில் ஆம்பியர் அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும், மூன்றில் ஒன்றின் அளவை மட்டும் திரையில் காட்டும் பேனலாக இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. இந்த வேலைக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். பையில் ஸ்பேனர், சாவி எதுவும் இருக்கக் கூடாது.

காஸ் மீட்டர்

இது ஒன்றைச் செய்தால் போதும், ஸ்டிர்ரரைப் பற்றிய வாக்குவாதங்களில் முக்கால்வாசி முடிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் அதே செம்பு மோல்டு டியூபை உள்ளே வைத்தபடி, காலியாக, காஸ் மீட்டரின் அளக்கும் முனையான ஹால் புரோபை மையக்கோட்டில் இறக்கி, மேலிருந்து கீழாக 50 மி.மீ.க்கு ஒரு அளவு எடுங்கள். முதல் அளவு மெனிஸ்கஸ், அதாவது மோல்டில் எஃகின் மேற்பரப்பு, நிற்கும் உயரத்தில் இருக்கட்டும். பிறகு புலம் உச்சத்தில் இருக்கும் உயரத்தில் மையத்திலிருந்து சுவர் வரைக்கும் ஒரு வரிசை. பில்லட் ஸ்டிர்ரரில் மையத்தில் சில நூறு காஸ் வர வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. பல காஸ் மீட்டர்கள் மாறுமின் முறையில் 10 அல்லது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாக அளக்காது, நாம் ஓட்டுவதோ 4 ஹெர்ட்ஸ். மீட்டரின் கையேட்டில் அடி எல்லை என்ன என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நேர்மின் முறையில் போட்டு உச்ச அளவைப் பிடித்து நிறுத்தும் வசதியால் அளவெடுங்கள். இரண்டாவது, உச்ச மதிப்பா, ஆர்எம்எஸ் (பயனுறு) மதிப்பா என்ற குழப்பம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 1.41 மடங்கு வித்தியாசம். தயாரிப்பாளர் கொடுத்த வரைபடம் எதில் போடப்பட்டது என்று தெரியாமல் ஒப்பிட்டு "புலம் முப்பது சதவீதம் குறைஞ்சிருக்கு" என்று பதறுவது வழக்கமாக நடக்கிறது.

ஒவ்வொரு ஸ்ட்ராண்டுக்கும் தனியாக எடுங்கள். ஒரே ஆம்பியரில் நான்கு ஸ்ட்ராண்டும் ஒரே புலம் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழுது பார்த்துத் திரும்பிய காயில், வேறு கனத்தில் வந்த டியூப், சற்று உயரம் மாறிப் பொருத்தப்பட்ட ஸ்டேட்டர், எதுவும் காரணமாக இருக்கலாம். ஆம்பியரை ஸ்ட்ராண்டுக்கு ஸ்ட்ராண்ட் வேறாக வைத்தாவது புலத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபிரீக்வென்சி

மின்வாரியம் தரும் 50 ஹெர்ட்ஸை அப்படியே ஏன் கொடுப்பதில்லை, இன்வெர்ட்டர் வைத்து 3, 4, 5 என்று ஏன் இறக்குகிறோம்? எஃகுக்கும் காயிலுக்கும் நடுவே செம்பு நிற்கிறது. செம்பு மிக நல்ல மின்கடத்தி, எனவே மாறும் புலம் முதலில் செம்புக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டு அங்கேயே பெரும்பாலும் செலவழிந்துபோகிறது. ஃபிரீக்வென்சி கூடக் கூட இந்தத் தடுப்பும் கூடும்.

பாடப்புத்தகத்தில் வரும் ஊடுருவும் ஆழச் சூத்திரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இங்கே தப்பான விடை வரும். 50 ஹெர்ட்ஸில் சூடான செம்பின் ஊடுருவும் ஆழம் ஏறக்குறைய 10 மி.மீ., டியூபின் கனம் 12 மி.மீ., அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு புலமாவது உள்ளே போகுமே என்று தோன்றும். டியூப் ஒரு மூடிய குழாய். சுற்றி ஓடும் மின்னோட்டம் குழாய் முழுவதும் பாதை அமைத்துக்கொள்கிறது, அதனால் தடுப்பு இன்னும் பலமாக இருக்கும். 50 ஹெர்ட்ஸில் உள்ளே போவது பத்தில் ஒரு பங்குதான்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு சுலபக் கணக்கு: பில்லட்டின் பாதி அகலத்தையும் டியூப் கனத்தையும் மி.மீ.யில் எடுத்துப் பெருக்குங்கள், அந்த எண்ணால் 5000-ஐ வகுங்கள். வருவது ஹெர்ட்ஸ். நம் மாதிரிக்கு 75 பெருக்கல் 12, அதாவது 900. 5000-ஐ வகுத்தால் ஏறக்குறைய 5.5. ஒரே ஆம்பியரில் எஃகின் மேல் விழும் விசை அதிகபட்சமாக இருப்பது இந்த இடத்தில். சதுரத்தை வட்டக் குழாய் என்று பாவித்துப் போட்ட கணக்கு, செம்புக் கலவை மாறினால் கொஞ்சம் நகரும், ஆனாலும் திசை காட்டப் போதுமானது. பில்லட்டைவிடப் பெரிய கட்டையான 300 மி.மீ. புளூமுக்கு 20 மி.மீ. செம்பு என்றால் இதே கணக்கு 1.7 ஹெர்ட்ஸ் என்று சொல்லும். புளூம் காஸ்டர்களில் 2 ஹெர்ட்ஸ் பக்கம் ஓட்டுவதன் காரணம் இதுதான்.

இந்த உச்சம் கூர்மையான உச்சம் இல்லை என்பதையும் கவனியுங்கள். நம் மாதிரியில் 4 ஹெர்ட்ஸிலும் 8 ஹெர்ட்ஸிலும் விசை உச்சத்தைவிட ஆறு சதவீதம் வரைதான் குறைகிறது. அதனால் 4.5-ஆ 5-ஆ என்று நாள் கணக்கில் சோதனை ஓட்டுவதில் பயனில்லை. கீழ்ப்பக்கமாக 4-ஐத் தேர்ந்தெடுங்கள். காயிலுக்குத் தேவைப்படும் வோல்டேஜ் குறையும், செம்பில் வீணாகும் வெப்பமும் குறையும். ஃபிரீக்வென்சியை ஒருமுறை தீர்மானித்துவிட்டு மறந்துவிடுங்கள். டியூபின் கனமோ கலவையோ மாறும்போது மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

ஆம்பியரை எங்கே நிறுத்துவது

புலம் ஆம்பியருக்கு நேர்விகிதம், விசை அதன் இருமடி. 300-லிருந்து 350 ஆக்கினால் பேனலில் ஐம்பதுதான் கூடுகிறது, உள்ளே விசை 36 சதவீதம் கூடிவிடுகிறது. "இன்னும் ஐம்பது" என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மேல் எல்லையைத் தீர்மானிப்பது மெனிஸ்கஸ். சுழலும் திரவம் நடுவே குழிந்து ஓரத்தில் ஏறும். ஓரத்து வேகம் நொடிக்கு 0.3 மீட்டர் என்றால் ஏற்ற இறக்கம் 5 மி.மீ.க்குள் அடங்கும், 0.6 மீட்டர் என்றால் 18 மி.மீ. ஆகிவிடும். மோல்டு பவுடர் உருகி நிற்கும் படலம் பத்து மி.மீ. இருந்தாலே பெரிது, 18 மி.மீ. குழிந்தால் பவுடர் நடுவில் குவியும், ஓரத்தில் மசகு கிடைக்காது, கசடு உள்ளே இழுபடும், மூழ்கிய நாசிலைச் சுற்றி அரிப்பு கூடும். பில்லட் தோலுக்கு அடியில் பவுடர் சிக்கிய குறைகள் திடீரென்று கூடினால், நாசில் மாற்ற வேண்டிய இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், ஆம்பியர் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆணி போதும். நீளமான ஒரு எஃகு ஆணியைக் கம்பியில் கட்டி, பவுடர் வழியாக மூன்று நான்கு நொடி எஃகில் முக்கி எடுங்கள். ஆணியில் ஒட்டி உறையும் கட்டி ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். எஃகு வந்து மோதும் பக்கம் உயரம். சாய்வு எவ்வளவு அதிகமோ வேகம் அவ்வளவு அதிகம். ஸ்டிர்ரரை அணைத்து ஒன்று, ஓட்டி ஒன்று எடுத்து வைத்துப் பாருங்கள். முழுக் கையுறையும் முகத்தடுப்பும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, ஆணி ஈரமாக இருக்கவே கூடாது.

இதனால்தான் புல அளவில் மெனிஸ்கஸ் உயரத்து எண்ணை முதலில் குறிக்கச் சொன்னேன். நாசில், பவுடர் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டேட்டர் கீழே தள்ளி இருப்பது நல்லது. உச்சப் புலம் மோல்டின் கீழ்ப்பாதியில், மெனிஸ்கஸில் அதில் சிறு பங்கு. பவுடருக்குப் பதில் எண்ணெய் விட்டு, மூழ்கிய நாசில் இல்லாமல் திறந்த தாரையாக வார்க்கிறவர்களுக்கோ மெனிஸ்கஸ் சுழல்வது உதவி செய்யும், தோலுக்கு அடியில் ஊசித்துளைகள் குறையும். இரண்டு வகையும் ஓட்டும் காஸ்டரில் ஒரே ஆம்பியரை எல்லாவற்றுக்கும் வைப்பது சரியில்லை, வகைக்கு ஒரு செட்டிங் எழுதி வைக்க வேண்டும்.

காஸ்ட் தொடங்கும்போது டம்மி பார் (முதல் எஃகைத் தாங்கிக் கீழே இழுக்கும் தண்டு) நகர்ந்து, லெவல் நிலைத்து, பவுடர் பரவிய பிறகே ஸ்டிர்ரரைப் போடுங்கள், அதுவும் படிப்படியாக. முடிக்கும்போது மெனிஸ்கஸ் இறங்க ஆரம்பிப்பதற்கு முன் அணைத்துவிட வேண்டும்.

கடைசி ஸ்டிர்ரரை எங்கே வைப்பது

மோல்டு ஸ்டிர்ரர் பொடிப் படிகங்களைத் தருகிறது. ஆனால் அதிக கார்பன் எஃகில் அது மட்டும் போதாது. உறைந்து முடியும் நேரத்தில் நடுவே மிஞ்சும் கார்பன் நிறைந்த திரவத்தையும் கலக்க வேண்டும். அதற்குத்தான் கீழே இருக்கும் ஸ்டிர்ரர். இதில் ஆம்பியரைவிட இடம் முக்கியம். நடுப்பகுதி கஞ்சி போல இருக்கும் பருவத்தில் பிடிக்க வேண்டும், அதற்கு முன்னால் பிடித்தால் வெட்டில் வெளிறிய பட்டை விழும், பின்னால் போனால் எதுவும் அசையாது.

ஷெல் கனம், நேரத்தின் வர்க்கமூலத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் வரும். நிமிடத்தில் நேரம், மி.மீ.யில் கனம் என்றால் பில்லட்டுக்கு அந்த மாறிலி 26-க்கும் 30-க்கும் நடுவே. 28 என்று வைத்துக்கொள்வோம். நடுவே 40 மி.மீ. திரவம் மிஞ்ச வேண்டும் என்றால் ஷெல் 55 மி.மீ.; 55-ஐ 28-ஆல் வகுத்து இருமடித்தால் 3.86 நிமிடம், 2 மீட்டர் வேகத்தில் மெனிஸ்கஸிலிருந்து 7.7 மீட்டர். சரி, அங்கே ஸ்டிர்ரரைப் போட்டாயிற்று. ஒருநாள் உலை தாமதமாகிறது, காஸ்டரை 1.6-க்கு இறக்குகிறீர்கள். அதே 7.7 மீட்டரில் இப்போது 27 மி.மீ. திரவம்தான் மிஞ்சும். உண்மையில் அதைவிடவும் குறைவு, சதுர பில்லட்டில் நாலு பக்கமிருந்தும் வெப்பம் போவதால் கடைசிக் கட்டத்தில் உறைதல் வேகமெடுக்கும். விசை ஆரத்தைப் பொறுத்தது என்பதால் கலக்கம் பெரிதும் குறைந்துவிடும். வேகத்தை அடிக்கடி மாற்றும் காஸ்டரில் கடைசி ஸ்டிர்ரரிடம் பெரிதாக எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. முதலில் வேகத்தை நிலைப்படுத்துங்கள், அதுதான் இந்த ஸ்டிர்ரருக்கான உண்மையான செட்டிங்.

இங்கே நடுவில் செம்பு இல்லை, சூடான ஷெல் புலத்தைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. அதனால் 6 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் போகலாம், திரவத்தின் ஆரம் சிறியதாக இருப்பதை அது ஓரளவு ஈடுகட்டும். திசையை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்: சில நொடிகள் ஒரு பக்கம், சிறு இடைவெளி, பிறகு மறுபக்கம். ஒரே திசையில் ஓட்டினால் திரவம் உறையும் முகத்தைக் கழுவிக் கழுவி கார்பனை எடுத்துப் போய்விடும்.

பில்லட்டைப் படிப்பது

குறுக்குவெட்டு ஒன்று, நடுக்கோடு வழியாக நீளவெட்டு ஒன்று. குறுக்குவெட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில சென்டிமீட்டர் தள்ளி வெட்டியிருந்தால் வேறு படம் வந்திருக்கும், நீளவெட்டில்தான் நடுப்பகுதியின் துளைகளும் 'வி' வடிவக் கோடுகளும் தொடர்ச்சியாகத் தெரியும். மழமழப்பாக அரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும் சரிபாதி கலந்து, 70 முதல் 80 டிகிரியில் கால் மணியிலிருந்து அரை மணி நேரம். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. புகை இழுக்கும் கூண்டுக்குள்தான் வேலை.

பார்க்க வேண்டியது முதலில் பொடிப் படிகப் பகுதியின் அளவு. வளைவு காஸ்டரில் அது நட்டநடுவில் இருக்காது. படிகங்கள் கனத்தால் கீழே இறங்கி வெளி வளைவுப் பக்கம் படியும், உள்வளைவுப் பக்கம் நீளப் படிகங்கள் நீண்டு வரும். எனவே இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்து எழுதுங்கள், எந்தப் பக்கம் எது என்று வெட்டும்போதே பெயின்டால் குறித்துவிடுங்கள்.

அடுத்து வெள்ளைப் பட்டை. சுற்றிலும் சட்டம் போட்டது போல வெளிறிய கோடு தெரிந்தால், அந்த ஆழத்தில் உறைந்துகொண்டிருந்த முகத்தை ஸ்டிர்ரர் அளவுக்கு மேல் கழுவியிருக்கிறது, அங்கே கார்பன் குறைந்திருக்கிறது. தோலிலிருந்து பத்துப் பதினைந்து மி.மீ.யில் இருந்தால் மோல்டு ஸ்டிர்ரர், ஐம்பது மி.மீ. பக்கம் இருந்தால் கடைசி ஸ்டிர்ரர். ஆம்பியரைக் குறைக்க வேண்டும் அல்லது திசை மாற்றும் நேரத்தைச் சுருக்க வேண்டும். அந்தப் பட்டையைத் திட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள், அதிலிருந்து ஒரு நல்ல தகவல் கிடைக்கும். பட்டை 53 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, ஸ்டிர்ரர் 7.7 மீட்டரில், வேகம் 2 என்றால், நேரம் 3.85 நிமிடம், அதன் வர்க்கமூலம் 1.96, 53-ஐ அதனால் வகுத்தால் 27. உங்கள் காஸ்டரின், உங்கள் ஸ்ப்ரேயின் உண்மையான மாறிலி அதுதான். நான் மேலே எடுத்த 28-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வைத்து ஸ்டிர்ரர் இடத்தை மறுபடி கணக்கிடுங்கள்.

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் நடுவில் 5 மி.மீ. துரப்பணத்தால் துளைத்துத் தூள் எடுத்து கார்பன் பாருங்கள். நடுவின் கார்பனை லேடில் கார்பனால் வகுத்த எண்தான் வாடிக்கையாளருடன் பேச உதவும். ஒரு துளையை நம்ப வேண்டாம், நீளவெட்டின் நடுக்கோட்டில் வரிசையாகப் பல துளைகள் போட்டு, சராசரியோடு அதிகபட்ச எண்ணையும் எழுதுங்கள். கம்பி அறுவது அந்த அதிகபட்ச இடத்தில்தான்.

சோதனை ஓட்டும்போது ஒரே ஹீட்டில், இரண்டு ஸ்ட்ராண்டை ஒப்பிட்டு, ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஸ்ட்ராண்ட் பழைய செட்டிங்கிலேயே ஓடட்டும். நேற்றைய ஹீட்டோடு இன்றைய ஹீட்டை ஒப்பிட்டால் சூப்பர்ஹீட் மாறியதா, ஸ்டிர்ரர் மாறியதா என்று ஒருபோதும் பிரிக்க முடியாது.

நடுவில் ஸ்டிர்ரர் நின்றுவிட்டால்

காஸ்டை நிறுத்த வேண்டாம். ஆனால் எந்த பில்லட் பாதிக்கப்பட்டது என்று அந்த நிமிடமே குறிக்க வேண்டும், இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கட்டர் மெனிஸ்கஸிலிருந்து 22 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வேகம் 2. மோல்டு ஸ்டிர்ரர் நின்றால் அந்த நேரத்தில் மோல்டில் இருக்கும் எஃகு 11 நிமிடம் கழித்துக் கட்டருக்கு வரும். கடைசி ஸ்டிர்ரர் நின்றால் பாதிக்கப்படுவது 7.7 மீட்டரில் இருக்கும் பகுதி, அது ஏறக்குறைய 7 நிமிடத்திலேயே வந்துவிடும். நின்ற நேரம், திரும்ப ஓடிய நேரம் இரண்டையும் எழுதி, அதற்கேற்ப பில்லட் எண்களைப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரு பில்லட் கூடுதலாகச் சேர்த்துப் பெயின்ட் அடியுங்கள், ஏனென்றால் திரவத்துக்குள் மிதக்கும் படிகங்கள் கீழே இறங்கும்போது எல்லை கோடு போட்டது போல நிற்பதில்லை. அந்த பில்லட்டுகளை யார்டில் தனியாக அடுக்கி, மேக்ரோ முடிவு வந்த பிறகு தரம் குறைந்த வகைக்கு மாற்றுவதா, அப்படியே விடுவதா என்று தீர்மானியுங்கள். முடிவு வரும் வரை கம்பி இழுக்கும் ஆலைக்குப் போகும் லாரியில் அவை ஏறவே கூடாது.